பதினொன்றாம் நம்பர்ப் புற்று

அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் நான் தொடாத பெண் இல்லை. என்னைத் தொட்ட பெண்ணும் இல்லை.

மலாயாவில் அவசரகாலம் தொடங்கி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பீடோங்கிலிருந்து செமிலிங் போகும் தார்ச்சடக்கில் மூன்றாவது மைல்கட்டையில் எங்கள் ரப்பர்த் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் முள்கம்பி வேலி. ஒரே வாசல். வாசலில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாது என்பது சட்டம். அதனால் பால்மரம் சீவப் போகிறவர்கள் ஒரு பிடி அரிசியோ ஒரு துண்டு ரொட்டியோ வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. மீறினால் ஜெயில், அதுவும் வருஷக்கணக்கில்.

ஆண்களை ஆண்கள் சோதித்தார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும் என்று காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது தோட்டத்துக் கணக்கர், எங்கள் கிராணி, அறிவித்தார். "வாய் உள்ளவளா இருக்கணும்" என்றார். அவ்வளவுதான், பெரட்டே திரும்பி என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் பரஞ்சோதிகூட என்னைத்தான் பார்த்தார்.

முதல் வாரம் எல்லோருக்கும் சந்தோஷம். கண்ட ஆம்பிளையும் கை வைப்பதற்கு நம் தங்கமணி தேவலை என்றார்கள். இரண்டாவது வாரம் ஒருத்தியின் மடியிலிருந்து கால்படி அரிசியை எடுத்தேன். அன்றோடு தீர்ந்தது. அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்கள் 'சோதனைக்காரி' என்றார்கள். குழாயடியில் நான் போனால் இடம் காலியானது. என் அடுத்த வீட்டு புஷ்பவள்ளி ஒவ்வொரு காலையும் நான் தொட்டு முடித்ததும் தரையில் துப்பிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவாள். பதினொரு மாதத்தில் ஒரே ஒரு நாள் தவிர தினமும் துப்பினாள்.

வாசல் காவலில் இருந்த அலி, மெர்போக் ஊர்ப் பக்கத்து மலாய்ப் பையன். அவன் மட்டும் என்னை 'காக்' என்பான். அக்கா என்று என்னைக் கூப்பிட ஓர் ஆள் இருந்தான், அதுவும் மலாயில்.

எங்கள் தோட்டத்துப் புற்று பதினொன்றாம் நம்பர் காட்டில் இருந்தது. தோட்டத்தில் ரப்பர்க் காட்டை நம்பர் போட்டுத்தான் பிரிப்பார்கள். ஒன்பதாம் நம்பரை ஒட்டி ஓடும் அலூர் ஓடையைத் தாண்டினால் பதினொன்று. ரப்பர் கன்று நட்ட காலத்தில் அந்தப் புற்றை இடிக்கப் போன மண்வெட்டிக்காரன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தானாம். அதன்பிறகு அந்த இடத்தில் மர நிரையே வளைந்து போகிறது. ஆடி மாதம் பிறந்தால் வெள்ளிதோறும் பெண்கள் போய் மஞ்சள் பூசி, பால் வார்த்து, முட்டை வைத்துவிட்டு வருவோம். நாக சதுர்த்தி அன்று விரதம். மறுநாள் பஞ்சமியன்று யாரும் மண்ணைக் கொத்த மாட்டார்கள், அடுப்பில் சட்டி காயவைத்து எதையும் பொரிக்க மாட்டார்கள். வேலி வந்த பிறகு இதெல்லாம் குறைந்தது. வாசலில் பாலையும் முட்டையையும் பிடுங்கினால் எதைக் கொண்டு கும்பிடுவது?

பால் பெரிய குற்றம். பீடோங்கில் கவுஸ் பாய் கடையில் பால் டின் கேட்டால், அவர் முதலில் ஆணியை எடுத்து மூடியில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டுத்தான் கையில் கொடுப்பார். ஓட்டை போட்ட டின் இரண்டு நாளில் கெட்டுப்போகும், காட்டில் சேர்த்துவைக்க முடியாது.

"எனக்கு மட்டும் ஆசையா தங்கச்சி? ஓட்டை போடாம குடுத்தா கடைக்குப் பூட்டு போட்ருவானுங்க லா" என்பார்.

ஆயிரம் மரத்துப் பாலை வாளி வாளியாக உள்ளே சுமந்து வருகிறவர்கள் ஒரு கரண்டிப் பாலை வெளியே கொண்டுபோகக் கூடாது. சட்டம் போட்டவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அந்த வருஷம் ஆடி முதல் வெள்ளியன்று புஷ்பவள்ளி என்னை ஏய்த்து இரண்டு முட்டையை வெளியே கொண்டுபோய்விட்டாள். எங்கே ஒளித்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஒளித்த இடத்தில் உடையாமல் இருக்க வேண்டுமே என்று அந்த மகராசி முட்டையை அவித்துக் கொண்டுபோயிருக்கிறாள். புற்றில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். பின்னாலேயே ரோந்து வந்த பட்டாளத்துக்காரர்கள் இரண்டு அவித்த முட்டையைப் பார்த்தார்கள்.

கிராணி வெள்ளைக்காரத் துரையிடம், "பாம்புக்கு வச்சதுங்க" என்று சொல்லிப் பார்த்தாராம். துரை கேட்டாராம், "உங்கள் பாம்பு முட்டையை அவித்துத்தான் தின்னுமா?"

  மறுநாள் பெரட்டில் அறிவித்தார்கள். பதினொன்றாம் நம்பரில் காட்டுக்காரர்களுக்கு யாரோ சாப்பாடு வைக்கிறார்கள். இனி அந்தப் புற்றுக்கு அருகில் எதையாவது கொண்டுபோகிறவர்களைக் கண்டதும் சுடுவார்கள். புஷ்பவள்ளியின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அன்று மட்டும் அவள் துப்பவில்லை.

இதெல்லாம் மருதம்மாளின் தலையில் வந்து விடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மருதம்மாளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒன்பதாம் நம்பரில் மரம் சீவுகிறவள். அவள் புருஷன் குழந்தைவேலு, ரப்பர் ஷீட் காயும் புகைக்கொட்டகையில் என் வீட்டுக்காரரோடு வேலை. மூன்று பிள்ளை பெற்று மூன்றையும் வேலியோரத்தில் புதைத்தவர்கள் அவர்கள். ஒன்றுகூட மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. நாலாவது வயிற்றில் இருக்கும்போது அவள் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்துக் கிடந்தால் ஆடிப் பஞ்சமிக்குள் புற்றில் பால் வார்த்து, புற்றுமண் எடுத்து அதன் நெற்றியில் வைத்து, அதற்குப் பிறகுதான் பேர் வைப்பேன் என்று. ஆண் பிள்ளை பிறந்தது. பேரில்லாமலேயே எழுபது நாள் கிடந்தது. "டேய் தம்பி" என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். மூன்று மாதம் நெருங்க நெருங்க மருதம்மாள் அதை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளையை ஆசையாகப் பார்க்கிற பார்வை இல்லை அது, எண்ணிக்கொண்டிருக்கிற பார்வை.

அந்த வருஷம் பஞ்சமி ஆடிக் கடைசி வெள்ளியில் வந்தது.

முதல் நாள் வியாழக்கிழமை, சதுர்த்தி. விடிந்தும் விடியாமல் வாசலில் பெண்கள் வரிசை. நான் சோதிக்கும் இடம் மூன்று பக்கமும் சாக்குப் படுதா கட்டிய சின்னக் கொட்டகை. மருதம்மாள் உள்ளே வந்து கையைத் தூக்கினாள். இடுப்பு, மடி, வாளி எல்லாம் பார்த்தேன். தலைத்துணியைத் தொட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொண்டைக்குள் ஒரு சின்ன மருந்துப் போத்தல் இருந்தது. உள்ளே கறந்த சூடு ஆறாத மாட்டுப் பால்.

"இது யாருக்கும் சாப்பாடு இல்ல. நாகாத்தாளுக்கு" என்றாள்.

"எனக்குத் தெரியும்டி. வெளிய நிக்கிறவனுக்குத் தெரியுமா? கண்டதும் சுடுறேன்னு சொல்லியிருக்கான். பிள்ளய யார்கிட்ட விட்டுட்டுப் போகப் போற?"

"போத்தலக் குடு."

படுதாவுக்கு வெளியே அலியோடு அன்று ஒரு போலீஸ் சார்ஜனும் நின்றிருந்தான். அவன் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. போத்தலோடு இவள் அகப்பட்டால் ஜெயிலுக்கு இவள், பால் இல்லாமல் பிள்ளை. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மூடியைத் திருகி, பாலைக் காலடி மண்ணில் கவிழ்த்தேன். வெறும் போத்தலை என் மடியில் செருகிக்கொண்டேன்.

மருதம்மாள் கத்தவில்லை. மண் பாலைக் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவளுக்குள்ளத மண்ணுல ஊத்திட்டியே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன்.

அன்று மத்தியானம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது.

பொழுது சாய நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகக் கூடாதுதான், ஆனாலும் கால் நிற்கவில்லை. குழந்தைவேலு வாசலில் குந்தியிருந்தான். "டிரெசர் வந்து மருந்து ஊத்தினாரு. காலைல ஆஸ்பத்திரி வேன் வந்தா சுங்கைப்பட்டாணிக்குக் கொண்டுபோவம்னாரு. மத்தியானத்துலேருந்து பால் குடிக்க மாட்டேங்குது" என்றான். உள்ளே பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. மருதம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் ரவிக்கையில் இரண்டு பக்கமும் ஈரம் வட்டமாகப் பரவியிருந்தது. நான் நின்றதும் அவளுக்குத் தெரியும், திரும்பியதும் தெரியும். 

எனக்குச் சாமி, பாம்பு எல்லாவற்றிலும் அரை நம்பிக்கைதான். கும்பிடச் சொன்னால் கும்பிடுவேன், கேள்வி கேட்கச் சொன்னால் அதற்கும் தயார். ஆனால் அன்று என் கையை வெட்டிப் போட்டுவிடலாம்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வரிசையில் மருதம்மாள் வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. பிள்ளையைக் குழந்தைவேலுவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தலைத்துணி கட்டவில்லை. கொண்டையை அவிழ்த்து, முடியைத் தோளில் விரித்துப் போட்டிருந்தாள், நான் தேடவே வேண்டாம் என்பதுபோல. வாளியைக் கவிழ்த்துக் காட்டினாள். மடியை உதறினாள். கையைத் தூக்கி நின்றாள்.

நான் சோதித்தேன். ஒன்றும் இல்லை. தோளிலிருந்து கையைக் கீழே கொண்டுவந்தபோது என் உள்ளங்கை நனைந்தது. ராத்திரி முழுக்கப் பிள்ளை குடிக்கவில்லை. மார் இரண்டும் கல்லாக இறுகிக் கட்டியிருந்தன. என் கை பட்டதும் ரவிக்கையைத் தாண்டிப் பால் கசிந்தது.

அவள் என் கண்ணைப் பார்த்தாள். முதல் நாள் மூடிய கண்ணை அன்று மூடவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. எந்த வேலியும் எந்தச் சோதனையும் பிடுங்க முடியாத ஓர் இடத்தில் அவள் பாலைக் கொண்டுபோகிறாள்.  கையை எடுத்துக் கும்பிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"காக்?" வெளியிலிருந்து அலி கேட்டான்.

"தாக் அடா, ஒண்ணும் இல்ல" என்று மலாயும் தமிழுமாகச் சொன்னேன். அந்த வாசலில் நான் சொன்ன முதல் பொய் அது. பொய்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அவள் போய்விட்டாள். கடைசிப் பெண்ணும் தாண்டி, வாசல் அமைதியான பிறகு அலி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான். இன்றைக்குப் பதினொன்றாம் நம்பர் பக்கம் ஆள் போகாதது நல்லதாயிற்று காக், நேற்று இரவே பட்டாளம் போய்ப் புற்றைச் சுற்றிப் படுத்திருக்கிறது என்றான். ஆளைக் கண்டால் முதலில் சுட்டுவிட்டுத்தான் பக்கத்தில் போவார்களாம்.

நான் ஓடினேன். பின்னால் அலி கூப்பிடுவது கேட்டது. காவல் வேலையை விட்டு ஓடினால் என்ன ஆகும் என்று யோசிக்க நேரமில்லை. முதல் நாள் நான் பாலை ஊற்றாமல் இருந்திருந்தால் இவள் இன்று வந்திருக்க மாட்டாள் என்பது மட்டும் மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. நிரை நிரையாக மரங்களைத் தாண்டி ஓடினேன். மரத்தில் கட்டிய மங்குகளில் அப்போதுதான் பால் சொட்டத் தொடங்கியிருந்தது. ஒன்பதாம் நம்பரில் அவள் சீவ வேண்டிய மரங்கள் சீவாமல் நின்றன. ஒரு மரத்தடியில் அவள் வாளி இருந்தது, உளி இருந்தது, அவள் இல்லை.

அலூரைத் தாண்டியதும் அவளைப் பார்த்தேன். புற்றுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். புற்று அவள் தலைக்கு மேலே ஓர் ஆள் உயரம். ஒரு மரத்திலிருந்து மங்கைக் கழற்றி அலூர்த் தண்ணீரில் கழுவிக் கொண்டுபோயிருந்தாள். ரவிக்கையைத் திறந்து, தலையைக் குனிந்து, அந்தக் கண்ணாடி மங்கில் பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். அவ்வளவு அமைதியில் பால் மங்கில் விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போதுதான் புற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெரணிப் புதரில் ஓர் இலை அசைந்தது. இலைக்கு நடுவில் துப்பாக்கிக் குழாய். அதன் வாய் மருதம்மாளைப் பார்த்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவள் கையில் மூட்டை எதுவும் இல்லாததால்தான் இன்னும் சுடவில்லை போலும். நான் கத்தினால் அவள் எழுவாள். எழுந்தால் சுடுவார்கள். தோட்டத்திலேயே பெரிய வாய் என்று பேரெடுத்தவள், ஒரு ரப்பர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்தி நின்றேன்.

மருதம்மாள் மங்கை இரண்டு கையாலும் ஏந்தினாள். ஏதோ முணுமுணுத்தாள். புற்றின் வாயில் பாலை வார்த்தாள். முழுக்க வார்க்கவில்லை, பாதியை மங்கிலேயே விட்டுப் புற்றடியில் வைத்தாள். பிறகு கைகூப்பி அப்படியே உட்கார்ந்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கொசு என் இமையில் உட்கார்ந்து கடித்தது, நான் கையை எடுக்கவில்லை.

அது பால் வார்த்த வாயிலிருந்து வரவில்லை. புற்றின் பக்கவாட்டில், வேருக்கடியில் இருந்த வேறொரு துளையிலிருந்து வந்தது. அவசரமே இல்லை. வந்துகொண்டே இருந்தது. இவ்வளவுதான் என்று நினைத்தால் இன்னும் இருந்தது. மருதம்மாளின் முழங்காலைச் சுற்றிக்கொண்டு வந்து மங்குக்கு அந்தப் பக்கம் நின்று, எழுந்தது. அவள் முகத்துக்கு நேரே படம் விரித்தது. இந்தியாவில் நம் ஊர் நாகத்துக்குப் படத்தில் இரட்டை வளையம் இருக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இதற்கு ஒரே வளையம், நடுவில், ஒற்றைக் கண் மாதிரி. அந்த வளையத்தில் காலை வெயில் விழுந்தது.

அது பாலைக் குடிக்கவில்லை. குடித்தது என்று பிறகு தோட்டம் முழுக்கச் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை, ஆனால் குடிக்கவில்லை. அவளைப் பார்த்தது. அவள் அதைப் பார்த்தாள். திறந்த மாரிலிருந்து இன்னும் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அவளிடம் பயமே இல்லை. அத்தனை பக்கத்தில் சாவு நிற்கும்போது ஒரு மனுஷி அப்படி உட்கார முடியும் என்று நான் நினைத்ததில்லை. இரண்டு பெரிய மனுஷிகள் பேசிக்கொள்ளும் இடத்துக்குத் தெரியாமல் வந்துவிட்டதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிறகு படத்தைச் சுருக்கிக்கொண்டு, வந்த வழியே, வந்த நிதானத்தோடு திரும்பிப் போனது. வால் நுனி துளைக்குள் மறையும்வரை காட்டில் ஒரு பறவைகூடச் சத்தம் போடவில்லை.

புதரிலிருந்து ஒரு ஆள் எழுந்தான்.

கூர்க்காப் பட்டாளம். நான்கு பேர் இருந்தார்கள், குட்டையாக, முகமெல்லாம் கரி பூசி, தொப்பியில் இலை செருகி. எழுந்தவன் அவர்களில் மூத்தவன், மீசை நரைத்திருந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான். அப்புறம் குந்தி உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். முழங்கால் உயரத்துக்குக் கயிறு. ஒவ்வொரு கண்ணாக அவிழ்த்து, இரண்டு பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு புற்றை நோக்கி நடந்து வந்தான். மருதம்மாள் அவசரமாகச் சேலையை இழுத்து மூடினாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. புற்றின் முன் நெற்றி மண்ணில் பட விழுந்து கும்பிட்டான்.

எழுந்து, புற்றைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, "நாக் பஞ்சமி" என்றான்.

அந்த ஒரு சொல்தான் எங்களுக்குப் புரிந்தது. அது போதுமாக இருந்தது. மலை தாண்டி, கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற அவன் ஊரிலும் இன்றைக்கு இதே நாள். அங்கே அவன் பெண்டாட்டியோ தாயோ இந்நேரம் பால் வார்த்துக்கொண்டிருப்பாள். இவன் இங்கே புதரில் படுத்து, நாள் மறந்து, பால் கொண்டுவருகிறவளைச் சுடக் காத்திருந்திருக்கிறான்.  முதுகு மூட்டையிலிருந்து ஒரு பால் டின்னை எடுத்தான். இடுப்பில் இருந்த சின்னக் கத்தியின் முனையால் இரண்டு ஓட்டை போட்டான். கவுஸ் பாய் போடுகிற அதே இரண்டு ஓட்டை. மருதம்மாள் வைத்த மங்கில், அவள் பாலோடு தன் பாலையும் ஊற்றினான்.

பின்னால் நின்ற மூன்று பேரும் கைகூப்பியிருந்தார்கள். மூத்தவன் உதட்டில் விரல் வைத்து, போய்விடுங்கள் என்று கையைக் காட்டினான்.

மருதம்மாள் பால் நனைந்த புற்றுமண்ணை ஒரு பிடி அள்ளி ரப்பர் இலையில் மடித்தாள். திரும்பியபோதுதான் மரத்தடியில் என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டு நின்றேன். "நேத்து நான்..." என்று தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. அவள் பக்கத்தில் வந்து, ஈர மண்ணில் விரலை வைத்து, என் நெற்றியில் அழுத்தி இழுத்தாள்.

பதினொரு மாதத்தில் என்னை ஒருத்தி தொட்டது அதுதான் முதல் தடவை.

வாசலில் அலி, தேடி வந்த சார்ஜனிடம் எனக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி வைத்திருந்தான். என் நெற்றியைப் பார்த்தான், ஒதுங்கி வழி விட்டான். வேலிக்கு வெளியே சாப்பாடு போகக் கூடாது என்றுதான் சட்டம். உள்ளே மண் வரக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றிருந்தது. பிள்ளை நெற்றியில் மண்ணை வைத்து, காதில் "நாகப்பன்" என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் மருதம்மாள் வேனில் ஏறினாள். சனிக்கிழமை காய்ச்சல் விட்டது, ஞாயிற்றுக்கிழமை பொழுதோடு பிள்ளையும் தாயும் வீடு வந்தார்கள். புற்றுமண்ணாலா, ஊசி மருந்தாலா என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டுக்கும் நான் நன்றி சொல்லிவிட்டேன். நாகப்பன் இன்று லாரி ஓட்டுகிறான், தொந்தி வேறு போட்டுவிட்டது.

வீடு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மருதம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். மீதி மண்ணை இலையோடு என் கையில் வைத்தாள்.

"எல்லாரும் கேக்கிறாங்க. புத்துக்கு இனி யாரும் போக முடியாது. நீ வாசல்ல நிக்கிறவ. உன்னத் தாண்டித்தானே எல்லாரும் போகணும், நீயே வச்சு விடு" என்றாள்.

"என் கையாலயா? வாங்குவாளுங்களா?"

"நீ நில்லு" என்றாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை சாக்குப் படுதாவுக்குள் நின்றேன். பெட்டி மேல் இலை, இலையில் மண். முதல் பெண் உள்ளே வந்தாள். கையைத் தூக்கினாள், சோதித்தேன். வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அன்று திருப்பவில்லை. குனிந்து நெற்றியைக் காட்டினாள்.  மண்ணைத் தொட்டு வைத்தேன். அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவள் வந்தாள். சோதிப்பேன், நெற்றியில் வைப்பேன். படுதா இடுக்கில் அலி எட்டிப் பார்த்துவிட்டு மணியைப் பார்த்தான், பிறகு சடக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியாகப் புஷ்பவள்ளி வந்தாள். கையைத் தூக்காமல் நின்றாள். அவள் அவித்து வைத்த இரண்டு முட்டை மருதம்மாளைக் கொன்றிருக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இலையில் ஒரு விரலுக்கு மட்டும் மண் மிச்சம் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். துப்பப் போகிறாள் என்றே நினைத்தேன்.

அவள் தலையைக் குனிந்தாள்.

"சீக்கிரம் வையக்கா, வேலைக்கு நேரமாச்சு" என்றாள்.